வெண்டை விதையும் கடப்பாரையும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வெண்டை விதை ஒரு பொட்டலம். அதை மண்ணுல ஊணணும். பத்து மணிக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கு முடிஞ்சிரும். பதினோரு மணிக்கு ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்திரலாம்.

இதுதான் திட்டம். மத்தியானம் ஜெயிலுக்குப் போகாம வீட்டுக்கு வந்ததே பெரும்பாடாப் போச்சு!

விவரமாச் சொல்றேன். அப்போ யுத்த காலம். ரங்கூன் அரிசி நின்னு போச்சு. ரேஷன் கடை வாசல்ல நிக்கிறதே தனி உத்தியோகம். வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கன்னு சர்க்கார் தமுக்கடிச்சாங்க. தமுக்கடிச்சாச் செடி முளைக்குமா? சொல்லிக் குடுக்க ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்க சர்க்காருக்கு இஷ்டமில்ல.

அப்போ யாரோ ஒரு மூளைக்காரர் ஒரு ஏற்பாடு பண்ணினாரு. ஆறு நாள் தோட்டப் படிப்பு, இலவசம். படிச்சவன் ஊருக்குத் திரும்பி நாற்பது குடும்பத்துக்கு இலவசமாச் சொல்லிக் குடுக்கணும். சட்டையில குத்திக்க ஒரு துணிப் பட்டை. பேரு 'தோட்டத் தொண்டர்'.

தூத்துக்குடியிலேர்ந்து போன முதல் தொண்டர் நான்தான்.

தொண்டு மேல அவ்வளவு ஆசையான்னு கேக்காதீங்க. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி ஒண்ணுல நான் ரைட்டர். அதாவது குமாஸ்தா. ஏழு வருஷமா டெம்பரவரி. வீட்ல கோமதி, மூணு பிள்ளைங்க. எங்க துரை ஒரு நாள் கூப்பிட்டு, "நீ போய்ப் படிச்சிட்டு வா. கம்பெனி பேர்ல ஒரு மாதிரித் தோட்டம் போடு. நல்லா வந்தா உன்னைப் பெர்மனெண்ட் பண்றேன்"ன்னாரு.

நான் அந்த நிமிஷமே தானா முன்வந்துட்டேன்.

செடியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? முருங்கைக்கும் அகத்திக்கும் வித்தியாசம் தட்டுல வந்தப்புறம்தான் தெரியும். அதனால என்ன, அதுக்குத்தானே படிப்பு!

படிப்பு திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம், ஆத்தங்கரை ஊர் ஒண்ணுல. மணியாச்சியில வண்டி மாறணும். இறங்கினேன். காப்பி வாங்கினேன். கொதிக்கக் கொதிக்கக் குடுத்துட்டான். ஆத்தி ஆத்திக் குடிச்சு நிமிர்ந்தா, திருநெல்வேலி வண்டியோட கடைசிப் பெட்டி தூரத்துல போகுது. அடுத்த வண்டியைப் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் நாள் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் கை கழுவிட்டு இருந்தாங்க.

பக்கத்துல நின்னவர்கிட்ட, "இன்னைக்கு என்னவே நடத்தினாரு?"ன்னு கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லவே. மண்ணைப் பத்திச் சொன்னாரு."

மண்ணுதானே! மண்ணை நான் பார்த்ததில்லையா? நோட்டுல முதல் பக்கத்தைக் காலியா விட்டு, அடுத்த நாள்லேர்ந்து ஒரு வரி விடாம எழுதினேன். தரையை மட்டமாக்குறது. வரப்பு கட்டுறது. தண்ணி விடுறது. விதை ஊணுறது. என் கையெழுத்து வேற அழகா இருக்கும்.

ஊருக்கு வந்து நாற்பது குடும்பம் தேடினேன். கிடைச்சது உப்பளத்துல வேலை பாக்குறவங்க தெரு. மழை முடிஞ்சிருந்துச்சு, அளத்துல வேலை இன்னும் தொடங்கல. எல்லாரும் வீட்லதான் இருந்தாங்க.

அந்தத் தெருவுக்குப் பெரிய மனுஷி பேச்சியம்மா. அம்பது வயசு இருக்கும். நான் பேச்சியக்கான்னுதான் கூப்பிடுவேன். உப்பு விளையிற தரையை முதல்ல காலால மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க. விட்ட தண்ணி ஒரு சொட்டு கீழ இறங்கினா, அது மிதிச்சவங்களுக்கே அவமானம். அதுல பேச்சியக்காவை மிஞ்ச ஊர்ல ஆள் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்பவே நல்லாத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்!

உடை மரத்தடியில கூட்டம். நாற்பது குடும்பமும் வந்து உட்கார்ந்துட்டாங்க. எனக்குப் பார்த்து அன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. குசுகுசுன்னுதான் பேச முடிஞ்சுது. கேக்கலேன்னு எல்லாரும் நெருங்கி வந்து குனிஞ்சு கேட்டாங்க. நான் நோட்டைப் பிரிச்சேன். முதல் பக்கம் காலி. ரெண்டாம் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்.

"தரை நல்லா மட்டமா இருக்கணும். மேடு பள்ளம் கூடாது. சுத்தி வரப்பு. தண்ணி விட்டா எல்லா மூலையிலயும் ஒரே மட்டத்துல நிக்கணும்."

பேச்சியக்கா கண்ணு பெருசாச்சு. "எத்தன வெரக்கட தண்ணி நிக்கணும்யா?"

நோட்டுல அது இல்ல. வாத்தியார்னா தெரியாதுன்னு சொல்லலாமா? "ரெண்டு விரக்கடை"ன்னேன்.

"கீழ எறங்கப்பிடாது?"

"இறங்கினா தண்ணி வீணாப் போகும்ல! விதை வர்ற வரைக்கும் தினம் தண்ணி விடணும்."

"தோட்டம் போடுத எடம்?"

"கடக்கரையில எங்க கம்பெனி சரக்கு அடுக்குற கிட்டங்கி இருக்குல்ல, அதுக்குப் பின்னால. அங்கேயே கிணறும் இருக்கு."

"அந்தக் கெணத்துத் தண்ணி கரிக்குமேய்யா."

கரிப்பைப் பத்தியும் நோட்டுல ஒண்ணும் இல்ல. "கரிச்சாப் பரவாயில்ல"ன்னேன்.

"கரிக்கணும்லா!"ன்னு தலையாட்டினா. அப்புறம் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துட்டு என்னை மாதிரியே குசுகுசுன்னு, "யாரும் வந்து கேட்டா என்னன்னு சொல்ல?"ன்னு கேட்டா.

"தோட்டம்னு சொல்லுங்க."

"புரிஞ்சிட்டுய்யா."

அவ எந்திரிச்சு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. பின்னாலயே தெரு மொத்தமும் கும்பிட்டுது. என் பாடம் அவ்வளவு நல்லா இருந்துச்சாக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து கோமதிகிட்ட, "எனக்கு வாத்தியார் களை இருக்குடி"ன்னு வேற சொன்னேன்.

மறுநாளே கப்பல் வந்துட்டு. கப்பல் வந்தா ரைட்டருக்கு வீடு வாசல் கிடையாது. பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். தோணியில போய்ப் போய் மூட்டை எண்ணணும். ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துது. ஒரு மாசத்துக்கு மேல கிட்டங்கிக்குப் பின்னால எட்டிக்கூடப் பாக்கல.

நடுவுல ஒரு நாள் பேச்சியக்காவை வழியில பார்த்தேன். "வேலை எப்படிக்கா போகுது?"

"தங்கமாப் போவுதுய்யா. வெதை வார வரைக்கும் தண்ணி விடச் சொன்னியள்லா, காலையும் சாயங்காலமும் விடுதோம். நீங்க அங்கன வரவே வேண்டாம். ஆள் கண்ணுல படும்."

எவ்வளவு அக்கறை பாருங்க! எனக்கு வெயில் படாம இருக்கணுமேன்னு சொல்றாள்னு நினைச்சேன்.

விதை வர வேண்டிய சனிக்கிழமை வந்துது. விதைப் பொட்டலத்தோட விவசாய இலாகா டெமான்ஸ்டிரேட்டர் ரயில்ல வந்து இறங்கினாரு. ஆறு நாளும் எங்களுக்குப் பாடம் நடத்தினவர் அவர்தான். துரையும் தொப்பி போட்டுக்கிட்டு வந்துட்டாரு. நான் சட்டையில பட்டையைக் குத்திக்கிட்டு முன்னால நடந்தேன்.

கிட்டங்கியைச் சுத்தித் திரும்பினோம். கண்ணு கூசிச்சு.

வெள்ளைவெளேர்னு ஒரு தரை. கோடு பிடிச்ச மாதிரி வரப்பு. ஓரத்துல கூம்பு கூம்பா நாலு குவியல். காத்துல தூசி விழாம பனை ஓலை போட்டு மூடியிருந்துது.

டெமான்ஸ்டிரேட்டர் வரப்பைத் தாண்டி உள்ள கால் வச்சாரு. 'டொக்'குன்னு சத்தம்.

"என்னவே இது? சிமிண்டா?"

"மட்டமா இருக்குல்லா சார்?"ன்னேன்.

அவர் குனிஞ்சு விரலால தொட்டு நாக்குல வச்சாரு. அப்படியே என்னைப் பார்த்தாரு. நானும் தொட்டு நாக்குல வச்சேன்.

நல்ல உப்பு.

அதுக்குள்ள பேச்சியக்கா ஓடி வந்துட்டா. முகம் பூரா சிரிப்பு. "மொத வாரல் உப்புய்யா! ஒரு மாசத்துல இவ்வளவு! கையில எடுத்துப் பாருங்க, ஒரு தூசி தும்பு இருக்கான்னு!"

துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆனா உப்பைப் பார்த்தா உப்புன்னு தெரியும். அவர் முகம் சிவந்துட்டே வந்துது. அந்தச் சமயம் பார்த்து, ரோட்ல சைக்கிள்ல போய்க்கிட்டிருந்த உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பிடிச்சாரு. அந்தாளு கண்ணுக்குக் குவியல்னா ஒரு மைல் தூரத்துலயே தெரியும்.

"லைசென்ஸ் எங்க?"

"இது தோட்டங்க"ன்னேன்.

"தோட்டமா?"

"வெண்டைத் தோட்டம்."

இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சுவத்துல சாத்திட்டு நோட்டை எடுத்துட்டாரு. அந்த வருஷம் அதிகாரிங்க எல்லாருமே கொதிச்சுப் போய் இருந்தாங்க. தந்திக் கம்பியை அறுக்குறதும் தண்டவாளத்தைப் பிடுங்குறதுமா முந்தின வருஷம்தான் ஊர் ரெண்டுபட்டிருந்துது. அதுல துறைமுகத்து ஓரமா, வெள்ளைக்காரன் கிட்டங்கிக்குப் பின்னாலயே ஒருத்தன் லைசென்ஸ் இல்லாம உப்பு எடுத்தா சும்மா விடுவாங்களா?

நான் டெமான்ஸ்டிரேட்டரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தாரு.

"சார், நீங்கதானே எனக்குப் பாடம் நடத்தினீங்க?"

"எத்தனையோ பேருக்கு நடத்துதேன்வே. எல்லார் முகமும் ஞாபகம் இருக்குமா?"

இன்ஸ்பெக்டர் பேச்சியக்கா பக்கம் திரும்பினாரு. "இதைச் செய்யச் சொன்னது யாரு?"

பேச்சியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டா. "யாரும் சொல்லலய்யா. நாங்களாத்தான் செஞ்சோம். அடிச்சுக் கேட்டாலும் ரைட்டரய்யா பேரைச் சொல்ல மாட்டோம்!"

போச்சு! எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. குசுகுசுன்னு பேசினேன். தண்ணி இறங்கக் கூடாதுன்னேன். கரிச்சாப் பரவாயில்லன்னேன். யாரும் கேட்டாத் தோட்டம்னு சொல்லுன்னேன். இந்த அம்மா என்னைக் காங்கிரஸ்காரன்னு முடிவு பண்ணிட்டா! வெள்ளைக்காரன் மூக்குக்கு அடியிலேயே உப்புச் சத்தியாக்கிரகம் நடத்துறேன்னு தெரு மொத்தமும் நம்பி, கூலி வாங்காம மிதிச்சிருக்கு.

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

"நாப்பது வீட்டுப் பொறவாசல்லயும் தயார்யா!"

இன்ஸ்பெக்டர் வரப்புல உட்கார்ந்துட்டாரு.

துரை என் பக்கம் வந்து ஒரே வார்த்தை சொன்னாரு. "டிஸ்மிஸ்."

என் கண்ணு முன்னால மூணு பிள்ளைங்க முகமும் வரிசையா வந்து போகுது. வேலையும் போயி, ஜெயிலுக்கும் போனா கோமதி என்ன செய்வா? அது மட்டுமா, பேச்சியக்காவையும் நாற்பது குடும்பத்தையும் சேர்த்துல்ல எழுதுறாரு இந்தாளு!

"ஐயா, அவங்க மேல தப்பில்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. நான் நோட்டுல இருந்ததைத்தான் சொன்னேன்"னு நோட்டை நீட்டினேன்.

டெமான்ஸ்டிரேட்டர் சட்டுன்னு பிடுங்கினாரு. பிரிச்சாரு. "முதல் நாள் பாடம் எங்கவே? மண்ணை முழங்கை ஆழம் கொத்தி, கட்டி உடைச்சுப் பொலபொலன்னு ஆக்கணும், அப்பத்தான் வேர் இறங்கும்னு தொண்டை கிழியச் சொன்னேனே, அது எங்க?"

"அது மணியாச்சியில போயிட்டு சார்."

மணியாச்சின்னதும் இன்ஸ்பெக்டர் எழுந்துட்டாரு. அந்த ஸ்டேஷன்ல முன்னொரு காலத்துல கலெக்டரைச் சுட்டது எந்த அதிகாரிக்கு மறக்கும்? "மணியாச்சியில யாரைப் பார்த்தே?"

"காப்பிக்காரனைங்க."

"அவன் பேரு?"

"தெரியாதுங்க. காப்பி ரொம்பச் சூடா இருந்துச்சு."

அதையும் எழுதிக்கிட்டாரு! ஒவ்வொரு பதிலும் என்னை ஒரு படி உள்ள தள்ளுது. கடைசியில இன்ஸ்பெக்டர் பென்சிலை என் மூக்குக்கு நேரா நீட்டினாரு. "நீ நிஜமாவே வெண்டை போடத்தான் வந்தியா? அப்ப ஊணு பார்ப்போம்."

டெமான்ஸ்டிரேட்டர் பொட்டலத்தைக் குடுத்தாரு. நான் ஒரு விதையை எடுத்தேன். குந்தி உட்கார்ந்தேன். நோட்டுல 'விரலால் ஒரு கணு ஆழம் குழி செய்க'ன்னு இருந்துது. விரலை வச்சு அழுத்தினேன். நகம் பேர்ந்துட்டு.

குச்சியால குத்தினேன். குச்சி ஒடிஞ்சுது.

"கடப்பாரை இருக்கா?"ன்னேன்.

பேச்சியக்கா கிட்டங்கிக் காவல்காரன்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்து குடுத்தா. ஓங்கி ஒரு போடு போட்டேன். 'ணங்'குன்னு திரும்பி வந்து என் கால் கட்டைவிரல்லயே விழுந்துது. ஒத்தைக் காலால குதிச்சேன். வலியைக் காட்டிக்காம அடுத்த போடு. ஒரு சில்லு பேர்ந்துது. அந்தக் குழியில விதையை வச்சு, அள்ளி மூட மண் இல்லாததால உப்பையே அள்ளி மூடினேன். கிணத்துலேர்ந்து ஒரு வாளி கரிப்புத் தண்ணி இறைச்சு ஊத்தினேன்.

நிமிர்ந்து, "நாலு நாள்ல முளைச்சிரும்"னேன்.

இன்ஸ்பெக்டர் பென்சிலைச் சட்டைப் பையில சொருகினாரு. துரை பக்கம் திரும்பி, "சார், இந்தாளுக்குச் சதி பண்ற அளவுக்கு விவரம் பத்தாது"ன்னாரு.

டெமான்ஸ்டிரேட்டர் உடனே, "நான் உறுதியாச் சொல்லுதேன் சார், பத்தவே பத்தாது"ன்னு சேர்ந்துக்கிட்டாரு. இப்ப மட்டும் என் முகம் ஞாபகம் வந்துட்டு!

"ஆமாங்க, நான் மடையன்தாங்க. அப்படியே எழுதிருங்க"ன்னு நானும் கெஞ்சினேன்.

இங்கிலீஷ்ல எழுதினாரு. 'இந்த நபர் தோட்டம் என்று நம்பியே உப்பளம் அமைத்தார். அரசியல் நோக்கம் கிடையாது. அறிவுக் குறைவே காரணம்.' கீழ ரெண்டு அதிகாரிங்களும் கையெழுத்து. ஒரு நகல் எனக்கு. உப்பைக் கடல்ல கொட்டணும், நாற்பது வீட்டுத் தரையையும் கொத்திப் போடணும், அதோட விடுறேன்னுட்டாரு. கொட்டினோம். கொத்தினோம். முதல் நாள் பாடத்தை நான் அப்பத்தான் படிச்சேன்.

திங்கக்கிழமை துரை கூப்பிட்டாரு. அந்த நகலை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. அவர்கிட்ட இருந்த கெட்டிக்கார குமாஸ்தாக்கள் ரெண்டு பேர் ஏற்கெனவே வேலையை உதறிட்டு ஜெயிலுக்குப் போயிருந்தாங்க. "உன் விஷயத்துல எனக்கு அந்தக் கவலை இல்ல"ன்னாரு. அன்னைக்கே என்னைப் பெர்மனெண்ட் பண்ணிட்டாரு!

வீட்ல போய்க் காகிதத்தைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன். கோமதி முழுசாக் கேட்டுட்டு, "இதை எழுத ரெண்டு ஆபீசராங்க? எங்கிட்ட கேட்டிருந்தா நான் அன்னைக்கே எழுதித் தந்திருப்பேன்லா"ன்னா.

தோட்டத் தொண்டர் படிப்பு அதுக்கப்புறமும் நடந்துது. நல்லாவே நடந்துது. எத்தனையோ வீட்ல கீரையும் கத்திரியும் வந்துது. முதல் நாள் வராதவனை ரெண்டாம் நாள் சேர்க்கக் கூடாதுன்னு ஒரு விதி போட்டாங்க. ஏன் போட்டாங்கன்னு மட்டும் எங்கேயும் எழுதி வைக்கல. அவங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

யுத்தம் முடிஞ்சுது. சுதந்திரமும் வந்துது. அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில எங்க வீட்டு வாசல்ல நாலஞ்சு பேர், கதர்ச் சட்டை. கையில மாலை. அவங்களுக்கு முன்னால பேச்சியக்கா.

"இவியதான்!"ன்னு என்னைக் காட்டினா. "வெள்ளக்காரன் எடத்துலயே உப்பளம் போட்டாவ. பிடிபட்டதும் எங்க நாப்பது குடும்பத்தையும் காப்பாத்த என்னமா நடிச்சாவ தெரியுமா! கடப்பாரையைக் கால்ல போட்டுக்கிட்டு, உப்பை அள்ளி வெதையை மூடி... நானே நம்பிட்டேன்யா, நெசமாவே மடையந்தானோன்னு!"

வந்தவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு. அந்தத் தெருவுல இருந்தவங்கதான் நிஜமா துணிஞ்சவங்க. ஜெயிலுக்குப் போனாலும் போறோம்னு தெரிஞ்சுதான் மிதிச்சாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. இதைச் சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன்.

பேச்சியக்கா முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா அஞ்சு வருஷமா இதை நம்பிக்கிட்டு இருக்கா. நான் வெறும் மடையன்னா, அவங்க மிதிச்சதும் வெறும் மிதிதானே? எனக்கு மனசு வரல.

வந்தவங்கள்ல ஒருத்தர் நோட்டை எடுத்தாரு. "அண்ணாச்சி, இந்தச் சம்பவத்துக்குச் சர்க்கார் காகிதம், ரிக்கார்டு, ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

உள்ள டிரங்குப் பெட்டியில, வேட்டிக்கு அடியில, ரெண்டு கையெழுத்தோட அது பத்திரமா இருந்துது. கோமதி என்னைப் பார்த்தா. நான் கோமதியைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க"ன்னேன்.

நான் இந்த ஜென்மத்துல சர்க்காருக்கு எதிரா செஞ்ச ஒரே காரியம் அதுதான்.